சிறுவர் நூலும் குடும்பத் திரைப்படமும்: ‘குழந்தையும் தெய்வமும்’ பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

சிறுவர்க்கென எழுதப்பெற்ற நூலொன்று திரைப்படமாகும்பொழுது அதனைக் காண வருவோர் சிறுவர் மட்டுமல்லர். நுழைவுச்சீட்டு வாங்குபவர் தந்தை. அருகே அமர்ந்து பார்ப்பவர் தாய். சிலவேளைகளிற் பாட்டனும் பாட்டியும் உடனிருப்பர். ஆகவே, நூலிலே பிள்ளையின் காதிற் சொல்லப்பட்ட செய்தி, படத்திலே பெற்றோரின் முகத்தையும் நோக்கியே சொல்லப்பட வேண்டியதாகின்றது. குடும்ப நகைச்சுவைப் படத்தின் சிறப்பும் இடரும் இவ்விடத்திலேயே ஒருங்கு பிறக்கின்றன. பெற்றோரின் குறைகளை நகைப்புக்கு இடமாக்கவும் வேண்டும். அவர்தம் மனம் நோகாது காக்கவும் வேண்டும்.

இத்துறையிற் பிரெஞ்சுக்காரர் பெயர் பெற்றவர். கொசினி எழுதச் சம்பே ஓவியந் தீட்டிய ‘சின்ன நிக்கொலா’ என்னும் சிறுவர் நூல் 1960ஆம் ஆண்டு வெளிவந்தது. லொரன் திரார் அதனை 2009ஆம் ஆண்டிலே திரைப்படமாக்கினார். தமிழிலே சிறுவர் நூலை வேராகக் கொண்ட குடும்ப நகைச்சுவைப் படங்கள் மிகச் சில. அவற்றுள் முன்வைத்து எண்ணத்தக்கது, ஏ. வி. எம். நிறுவனத்தார் தயாரிக்க, கிருஷ்ணன் – பஞ்சு இருவரும் நெறிப்படுத்தி, 1965ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளிவந்த ‘குழந்தையும் தெய்வமும்’ என்னும் படமாகும். இதன் வேர் ஒரு ஜேர்மன் சிறுவர் நூலில் உள்ளது. அவ்வேர் அமெரிக்கா வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது. வந்த வழியில் அக்கதை பெற்றது யாது, இழந்தது யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூலநூல்

எரிக் கெஸ்ட்னர் (1899–1974) என்பவர் ‘எமிலும் துப்பறிவாளரும்’ என்னும் நூலால் 1929ஆம் ஆண்டிலேயே புகழ் பெற்ற ஜேர்மன் எழுத்தாளர். 1933ஆம் ஆண்டு மே மாதம் நாசிகள் பேர்லினில் நூல்களைத் தீயிலிட்டபொழுது, தம் நூல்களும் எரிவதனைக் கூட்டத்தினிடையே நின்று கண்டவர். 1942ஆம் ஆண்டளவிற் சிறிது காலம் திரைக்கதை எழுத அவருக்கு அனுமதி கிடைத்தது. அப்பொழுது இரட்டைச் சிறுமியர் பற்றிய கதைக்கருவொன்றை நெறியாளர் யோசெப் வொன் பாக்கியிடம் அவர் கூறினார். அனுமதி மீண்டும் பறிக்கப்பட்டமையால் அது படமாகவில்லை. போர் முடிந்தபின், 1949ஆம் ஆண்டில், அதுவே ‘இரட்டை லொட்டி’ என்னும் சிறுவர் நூலாயிற்று. எனவே, இக்கதை திரையை நினைந்து பிறந்து, நூலாகி, மீண்டும் திரைக்கே சென்ற கதை எனலாம். மறு ஆண்டிலேயே, 1950இல், அதே பாக்கி அதனைப் படமாக்கினார். கெஸ்ட்னரே திரைக்கதை எழுதினார்.

கதை எளியது. வியன்னாவிலே இசையமைப்பாளராகிய தந்தையுடன் வாழ்பவள் லூயிசே. மியூனிக் நகரில் இதழொன்றிற் பணிபுரியும் தாயுடன் வாழ்பவள் லொட்டி. ஒருத்தி துடுக்கு நிறைந்தவள். மற்றையவள் சிறு வயதிலேயே வீட்டுச் சுமையைத் தாங்கி, சந்தைக்குச் சென்று, சமைத்து, தாய்க்குத் துணையாய் நிற்பவள். விடுமுறை விடுதியொன்றில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். முகம் ஒன்றாயிருத்தலைக் கண்டு முதலிற் சினமும், பின்னர் வியப்பும், இறுதியில் உண்மையும் வெளிப்படுகின்றன. தாயும் தந்தையும் ஆளுக்கொரு பிள்ளையாகப் பங்கிட்டுக்கொண்டு பிரிந்துவிட்டனர். ஒருத்திக்கு மற்றையவள் உண்டென்பதையும் மறைத்துவிட்டனர். சிறுமியர் இடமாறி, லொட்டி வியன்னாவுக்கும் லூயிசே மியூனிக்குக்கும் செல்கின்றனர். இடமாற்றத்தால் விளையும் நகைச்சுவை நூல் முழுவதும் பரந்து கிடக்கின்றது. சமைக்கத் தெரியாதவள் சமையலறையில் திண்டாடுகிறாள். சிக்கனமானவள் வீட்டுப் பணிப்பெண்ணின் கணக்குப் புரட்டைக் கண்டுபிடிக்கிறாள்.

ஆயினும், இந்நகைப்பின் அடியில் ஒரு கண்டிப்பான குரல் இடையறாது கேட்கின்றது. கதையின் நடுவிலே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு, வளர்ந்தோரை எதிர்கொள்கின்றார். மணமுறிவு பற்றிச் சிறுவரிடம் பேசலாமா என வினவுவோர்க்கு ஷேர்லி டெம்பிள் என்னும் குழந்தை நடிகையை அவர் எடுத்துக்காட்டுகின்றார். அவள் தான் நடித்த படத்தையே பார்க்க இயலாதபடி வயது குறைந்தவள் எனத் தடுக்கப்பட்டாளாம். ஒரு துன்பத்தைப் பிள்ளை அனுபவிக்கலாம், ஆனால் அதனைப் பற்றிப் பிள்ளையிடம் பேசலாகாது என்பது எத்துணைப் பொருந்தாமை என்பது அவர் கருத்து. பெற்றோர் பிரிவதாற் பிள்ளைகள் துன்புறுவதும் உண்டு. பிரியாதிருந்து பூசலிடுவதாலும் துன்புறுவதுண்டு என்பதனையும் அவர் மறைக்கவில்லை. தந்தை வேறொரு பெண்ணை மணக்கப் போவதாக அறிந்த லொட்டி நோய்ப்படுகின்றாள். சிறுமியின் உடலே பெற்றோருக்கு எதிராகச் சான்று பகர்கின்றது. இறுதியிற் பெற்றோர் மீண்டும் சேர்கின்றனர் என்பது உண்மையே. ஆனால், சேருமுன் அவர்கள் பிள்ளைகளின் முன் தலைகுனிந்து நிற்கின்றனர். ‘எங்களைக் கேளாமல் எங்களைப் பங்கிட்டீர்களே’ என்பதே அந்நூலின் உள்ளுறை வினா.

அமெரிக்கப் படம்

1961ஆம் ஆண்டில் வோல்ட் டிஸ்னி நிறுவனத்தார் இக்கதையைப் படமாக்கினர். டேவிட் சுவிப்ட் நெறிப்படுத்த, ஹேலி மில்ஸ் என்னும் இளம் நடிகை இரு வேடங்களிலும் நடித்தார். ஜேர்மன் படத்திலே உண்மையான இரட்டைச் சகோதரியர் நடித்திருந்தனர். அமெரிக்கப் படத்திலோ ஒருவரையே இருவராகக் காட்டும் படப்பிடிப்பு உத்தி முதன்மை பெற்றது. வியன்னாவும் மியூனிக்கும் கலிபோர்னியாவாகவும் பொஸ்ரனாகவும் மாறின. போருக்குப் பிந்திய ஜேர்மனியில் வேலைக்குச் சென்று பிள்ளை வளர்த்த தாய், செல்வக் குடும்பத்துப் பெண்ணானாள். சிறுமியரின் சூழ்ச்சிகளும், தந்தையை மணக்க வந்த பெண்ணுக்கு அவர்கள் இழைக்கும் குறும்புகளும் கதையின் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டன. பார்ப்போர் வயிறு குலுங்கச் சிரிக்கின்றனர். ஆனால், நூலிற் கேட்ட வினா சிரிப்பொலியில் அமிழ்ந்துவிடுகின்றது. பெற்றோர் செய்த பிழை ஒரு பழைய ஊடல் என்னுமளவுக்குச் சுருங்கிவிடுகின்றது.

தமிழ்ப் படம்

இவ்வமெரிக்கப் படத்தைத் தழுவித் தமிழுக்கேற்ற கதையை அமைத்தவர் ஜாவர் சீதாராமன். ஜெய்சங்கரும் ஜமுனாவும் பெற்றோராகவும், குட்டி பத்மினி இரட்டைச் சிறுமியராகவும், ஜி. வரலட்சுமி மாமியாராகவும் நடித்தனர். நாகேஷ் நகைச்சுவைக்குத் துணை நின்றார். எம். எஸ். விசுவநாதன் இசையமைத்தார். படத்தின் வெற்றி தெலுங்கில் 1966ஆம் ஆண்டும், இந்தியில் 1968ஆம் ஆண்டும் அது மீண்டும் எடுக்கப்பட்டமையால் விளங்கும்.

தழுவல் என்பது சட்டையை மாற்றுதலன்று, எலும்பை மாற்றுதல் என்பதற்கு இப்படம் தக்க சான்று. ஜேர்மன் நூலிற் கணவன் மனைவியரைப் பிரித்தவை கலைஞனின் தனிமை வேட்கையும் இளமையின் பொறுமையின்மையுமாம். தமிழ்ப் படத்திற் பிரிவுக்கு வித்திடுவது மாமியாரின் செல்வச் செருக்கும், வீட்டோடு மாப்பிள்ளையாக அமர்ந்த மருமகனின் தன்மான இழப்பும் ஆகும். இம்மாற்றம் மிகக் கூர்மையானது. தமிழ்க் குடும்பத்திலே பூசல் இருவருக்கிடையே மட்டும் நிகழ்வதில்லை. வீடு யாருடையது, சோறு யாருடையது, சொல் யாருடையது என்னும் வினாக்கள் அதனுள் நுழைந்தே தீரும். இவ்வுண்மையை ஜாவர் சீதாராமன் நன்கு உணர்ந்திருந்தார். அதனாலேயே, அயல்நாட்டுக் கதை என்னும் உணர்வு தோன்றாதவாறு படம் நம்மவரின் படமாயிற்று. இஃது அதன் பெருஞ் சிறப்பு.

குட்டி பத்மினியின் நடிப்பும் தனித்துச் சுட்டத்தக்கது. இரு சிறுமியரை வேறுபடுத்துதல் எளிது. ஒருத்தி மற்றையவளாக நடிப்பதை நடித்தல் அரிது. எம். எஸ். ராஜேஸ்வரியின் மழலைக் குரலிற் பிரிந்த பெற்றோரை வளர்ப்புப் பறவைகளாக உருவகித்துப் பாடும் பாடல், துன்பத்தைப் பிள்ளையின் மொழியிலேயே சொல்லும் திறத்தால் நிலைத்துநின்றது.

இனி, இழப்பினை நோக்குவாம். பிழையின் பாரம் மாமியார்மேல் ஏற்றப்பட்டவுடன் பெற்றோர் இருவரும் தப்பிவிடுகின்றனர். மனைவி தாயின் சொல்லுக்கு அஞ்சியவள். கணவன் தன்மானம் உடையவன். இருவரும் இரங்கத்தக்கவர், எனவே, இருவரும் பிள்ளைகளுக்கு விடை கூறவேண்டியவரல்லர். ஒரு கிழவியின் செருக்கு அடங்கினால் எல்லாம் சரியாகிவிடும். பிள்ளைகளைப் பங்கிட்டது யார், மறைத்தது யார் என்னும் கேள்வியைக் கேட்க எவருமில்லை.

அக்கேள்வியைக் கேட்கும் உரிமையுடைய பிள்ளையையோ படம் தெய்வமாக்கிவிடுகின்றது. படத்தின் பெயரே இதற்குச் சான்று. தெய்வம் பொறுக்கும், தெய்வம் மன்னிக்கும், தெய்வம் சேர்த்துவைக்கும். தெய்வத்துக்குச் சினம் வரலாகாது. அழுகை வரினும் அது பிறர்பொருட்டே வரவேண்டும். பிள்ளையைப் போற்றுவதாகத் தோன்றும் இவ்வுயர்வு, உண்மையிற் பிள்ளையின் வாயை அடைக்கும் உயர்வாகும்.

நம் இலக்கிய மரபு வேறு வழியிற் சென்றது என்பதனை இங்கு நினைவுகூர வேண்டும். பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாகக் கண்டு பாடினார். பின்வந்த பிள்ளைத்தமிழ்ப் புலவர் முருகனையும் மீனாட்சியையும் பத்துப் பருவங்களில் வைத்துத் தாலாட்டினர். அங்கே தெய்வம் பிள்ளையாகின்றது. பாடுவோர் தாயாகி, நீராட்டி, ஊட்டி, நிலவைக் காட்டி அழைக்கின்றனர். பணி செய்பவர் வளர்ந்தவர். பணியைப் பெறுவது பிள்ளை. திரைப்படத்திலோ பிள்ளை தெய்வமாகின்றது. ஆனாற் பணி செய்வது பிள்ளை. பயன் பெறுவோர் வளர்ந்தவர். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும், நேர் எதிரானவை.

லவ குசர்

பிரிந்த பெற்றோரின் இரட்டைப் பிள்ளைகள் என்னும் கருத்துத் தமிழருக்குக் கெஸ்ட்னர் வழியாக வந்த புதுமையன்று. எல்ல நகருக்கு அண்மையில், இராவணன் சீதையை ஒளித்துவைத்தான் என ஊரார் காட்டும் குகை உண்டு. அந்தச் சீதையின் பிள்ளைகளே நம் மரபிற் புகழ் பெற்ற இரட்டையர். கம்பர் பாடாது விட்ட அக்கதையை, ஒட்டக்கூத்தர் பாடியதாகக் கூறப்படும் உத்தர காண்டம் கூறும். ‘குழந்தையும் தெய்வமும்’ வெளிவருவதற்கு இரண்டாண்டுகள் முன்னர், 1963இல், என். டி. ராமராவும் அஞ்சலிதேவியும் நடித்த ‘லவ குசா’ தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்து மக்களைக் கவர்ந்திருந்தது.

அக்கதையில் நிகழ்வது யாது? லவனும் குசனும் தந்தையின் அவையிலேயே தந்தையின் கதையைப் பாடுகின்றனர். தாயை நேருக்கு நேர் கொணர்ந்து நிறுத்தும் வாய்ப்பு அவர்களாலேயே பிறக்கின்றது. ஆயினும், சீதை மீண்டும் அரண்மனை புகவில்லை. நிலமகளிடம் அடைக்கலம் புகுந்துவிடுகின்றாள். பிள்ளைகள் எத்துணை நல்லவராயினும், எத்துணை இனிமையாகப் பாடினாலும், பெரியோர் செய்த தீங்கு முழுவதையும் அவர்களால் அழித்துவிட இயலாது என்னும் கடுமையான உண்மையை அப்பழங்கதை மறைக்கவில்லை. பிள்ளைகள் தோற்றனர் என்று அங்கே எவரும் பழி கூறுவதுமில்லை, பழி அரசனுக்கே. இவ்வகையில் உத்தர காண்டம் கெஸ்ட்னரின் நூலுக்கு அண்மையில் நிற்கின்றது. தமிழ்ப் படமோ இரண்டினின்றும் விலகி நிற்கின்றது.

பிரெஞ்சுச் சிறுவன்

நகைச்சுவைப் படத்துக்கு இவ்வளவு கடுமையை எதிர்பார்த்தல் தகுமோ என ஒருசாரார் வினவலாம். அதற்கு விடையாகச் சின்ன நிக்கொலாவைக் காட்டலாம். 2009ஆம் ஆண்டுப் படத்தில், பெற்றோரின் பேச்சை அரைகுறையாகக் கேட்ட நிக்கொலா, தனக்கொரு தம்பி பிறக்கப் போவதாகவும், தன்னைக் காட்டிற் கொண்டுபோய் விட்டுவிடுவர் என்றும் நம்பி அஞ்சுகின்றான். தோழரைக் கூட்டி அவன் செய்யும் ஏற்பாடுகள் யாவும் கோணற்பட்டுப் போகின்றன. சிரிப்பு அதிலிருந்தே பிறக்கின்றது. அவன் எதையும் சீர்செய்வதில்லை, பெற்றோரைக் காப்பாற்றுவதுமில்லை. தந்தை மேலாளருக்கு அஞ்சுபவர் என்பதையும், தாய் பிறர் மதிப்பை எண்ணித் தடுமாறுபவர் என்பதையும் அவன் கண்வழியே நாம் காண்கின்றோம். அவனோ அவற்றின் பொருளை முழுதும் அறியான். பிள்ளை பிள்ளையாகவே விடப்பட்டிருக்கின்றது. பெற்றோர் சற்று நகைப்புக்கு உள்ளாகின்றனர். ஆனால் அன்பு குன்றவில்லை. தெய்வமாகாத பிள்ளையைக் கொண்டும் குடும்பம் முழுவதும் கூடிச் சிரிக்கத்தக்க படம் எடுக்கலாம் என்பதற்கு இது போதிய சான்று.

மலையகத்தார் நோக்கு

இவ்வாராய்ச்சி வெறும் இரசனைபற்றியதன்று. ‘குழந்தையும் தெய்வமும்’ வெளிவருவதற்கு ஓராண்டு முன்னர், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதென்றும் இரு நாட்டுத் தலைவர்களும் இணங்கினர். எண்ணிக்கையாற் பங்கிடப்பட்ட மக்கள் தாம் பங்கிடப்படுவதுபற்றி வினவப்படவில்லை. அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி மற்றொரு நாட்டவன் என்னும் நிலை மலையகத்திற் பல குடும்பங்களுக்கு நேர்ந்தது. ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் பலர் கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்று, அங்கிருந்து கடல் கடந்தனர். தண்டவாளத்தின் இக்கரையில் ஒரு பிள்ளையும் அக்கரையில் ஒரு பிள்ளையுமாகப் பிரிந்த குடும்பத்தாருக்கு, இரட்டையரின் கதை வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது. ஆனால், அப்பிரிவை எந்தச் சிறுமியின் சூழ்ச்சியாலும் ஒட்டவைக்க இயலவில்லை.

பின்னர் வேறொரு பிரிவு வந்தது. எழுபதுகளின் இறுதி முதல் இலங்கைப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லத் தொடங்கினர். காலப்போக்கிற் தோட்டத்துத் தாய்மாரும் சென்றனர். எல்லவைச் சூழ்ந்த தோட்டங்களின் லயன் காம்பராக்களிலே அம்மாயியின் கையில் வளரும் பிள்ளைகள் உளர். திரைப்படத்திலே குடும்பத்தைப் பிரித்தவள் மனைவியின் தாய். இங்கே, மகள் கடல் கடந்தபின் குடும்பத்தைக் கட்டிக் காப்பவளும் அந்த மனைவியின் தாயே. விடியலிற் கொழுந்து பறிக்கச் சென்று, மாலையிற் பேரப்பிள்ளைக்குச் சோறாக்கும் அக்கிழவியை முன்னிறுத்தி எண்ணினால், பழி முழுவதையும் மூதாட்டியின் தலையிற் சுமத்திய கதையமைப்பு எத்துணை எளிதான வழி என்பது புலனாகும்.

லொட்டியை இவ்விடத்து நினைக்க வேண்டும். தாய் வேலைக்குச் செல்ல, தான் சந்தைக்குச் சென்று சமைக்கும் அச்சிறுமி, தோட்டப் பாடசாலைகளில் இன்றும் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். தம்பிக்குச் சோறூட்டிவிட்டு, பிந்திவந்து, பிந்தியமைக்குக் காரணமும் கூறாது நிற்பவள் அவள். அவளை நோக்கி, ‘நீ தெய்வம், நீ நினைத்தால் குடும்பம் ஒன்றுபடும்’ என்று ஒரு படம் கூறுமாயின், ஒன்றுபடாத நாளில் அவள் யாரை நோவாள்? தன்னையே நோவாள். கெஸ்ட்னரின் நூல் அவளுக்கு வேறொன்று கூறும். நீ பட்ட துன்பம் உண்மை. அதற்கு நீ காரணமல்லை. விடைகூற வேண்டியோர் வளர்ந்தவர். இவ்விரு கூற்றுகளுக்கும் இடையிலுள்ள தொலைவே, நூலுக்கும் படத்துக்கும் இடையிலுள்ள தொலைவாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘குழந்தையும் தெய்வமும்’ தழுவற்கலையிற் சிறந்ததொரு படம் என்பதும், அயற்கதையைத் தமிழ்க் குடும்பத்தின் உள்நிலைக்கு ஏற்ப மாற்றியமைத்த திறம் பாராட்டற்குரியது என்பதும், எனினும் மூலநூலின் உயிர்நாடியாகிய வினாவை அது கைவிட்டது என்பதும் பெறப்படும். படத்தைப் பிள்ளைகள் காணலாகாது என்பது இதன் பொருளன்று. கண்டு சிரிக்கட்டும், குட்டி பத்மினியின் திறத்தை வியக்கட்டும். கண்டபின், ‘இவர்கள் பிரிந்தது யார் பிழை? பிள்ளைகளிடம் எவரேனும் மன்னிப்புக் கேட்டனரா?’ என்னும் இரண்டு வினாக்களை ஆசிரியரும் பெற்றோரும் அவர்முன் வைப்பாராக.

சிறுவர் நூல்கள் பல இன்னும் தமிழ்த்திரைக்கு வர வேண்டியுள்ளன. அவ்வாறு வருங்கால், பிள்ளையைப் பீடத்தில் ஏற்றுதலினும் பிள்ளையின் பக்கத்தில் அமர்தலே மேலான கலை என்பதனை எடுப்போர் நினைவிற்கொள்வார்களாக. பீடத்தில் ஏறிய பிள்ளைக்கு மாலை கிடைக்கும். ஆனால் அது கேட்ட கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.